நாய் வண்டி திரும்பி வந்த நாள்

எங்கள் நகர்மன்றக் கூட்டத்தில் நாற்காலி பறந்திருக்கிறது, மைக் உடைந்திருக்கிறது, ஒருமுறை ஓர் உறுப்பினரின் சட்டைப் பொத்தான் எல்லாம் தெறித்துப் போயிருக்கிறது. கேள்விப்படுகிற வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஒரு தெருவுக்குச் சாக்கடை வருமா வராதா என்று அந்த அறையில்தான் முடிவாகிறது. மெல்லக் கேட்டால் அங்கே யாருக்கும் காது கேட்காது. நானும் ஒரு தண்ணீர் பாட்டிலை வீசியிருக்கிறேன். எதிர்வரிசை உறுப்பினரின் முகத்தைப் பார்த்துத்தான் எறிந்தேன், குறி தவறித் தோளில் பட்டது.

பாட்டில் பறந்ததற்குக் காரணம் ஆற்றோரக் குப்பைமேடு. என் வார்டு தோல் மண்டிகளுக்குப் பின்னால், பாலாற்றங்கரையில் இருக்கிறது. மண்டி என்றால், பல ஊர்களிலிருந்து உப்புப் போட்டு வரும் பச்சைத் தோலை இறக்கி, தோல் பதனிடும் டேனரிகளுக்கு விற்கும் கிடங்கு. இறக்கிய தோலை விரித்து, காது, வால், ஓரத்தில் ஒட்டியிருக்கும் சதை எல்லாவற்றையும் வெட்டி எடுப்பார்கள். வெட்டியது கூடையில் விழும், கூடை ஆற்றோரத்தில் கவிழும். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்படித்தான். மேடு என்று சொன்னால் எங்கள் ஊரில் அது ஒன்றுதான்.

தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு அது. அதற்கு முன் நான் ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைப்பவளாக இருந்தேன். என் அண்ணியும் நானும் ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்தோம். விடிந்ததும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க மேட்டோரமாகத்தான் நடக்க வேண்டும். முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு ஓடுவோம். நான் ஜெயித்ததும் அண்ணி கேட்டது ஒன்றே ஒன்று.

“எனக்கு பட்டா கிட்டா எதுவும் வேணாம். அந்த மேட்ட மட்டும் எடுத்துடு.”

வார்டு சபைக் கூட்டத்திலும் எல்லாரும் அதையே கேட்டார்கள். ஒருவர்கூட வேறு பேசவில்லை. அதைத் தீர்மானமாக மன்றத்துக்குக் கொண்டுபோனபோதுதான் எதிர்வரிசைக்காரர், “காலங்காலமா இருக்கற நாத்தம்தானே, லேடீஸ் கர்ச்சீப் கட்டிகினு போலாமே” என்றார். அப்போதுதான் பாட்டில் பறந்தது. பாட்டிலுக்குப் பிறகு தீர்மானம் நிறைவேறியது.

வேலை நடந்த விதத்தைக் குறை சொல்ல முடியாது. எங்கள் நகராட்சி ஒரு காரியத்தை முழுதாகச் செய்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். பொக்லைன் வந்தது, லாரிகள் வந்தன, மேடு மொத்தமும் போனது. சுற்றிலும் கம்பி வேலி, ஒரு கேட், கேட்டுக்குப் பூட்டு. இனிமேல் மண்டிக் கழிவை மூடிய டிரம்மில் போட வேண்டும், தினமும் நகராட்சி வண்டி வந்து எடுத்துப் போகும் என்று ஏற்பாடு. தலைவர் வந்து மரக்கன்று நட்டார். பக்கத்தில் நின்று நானும் பல்லைக் காட்டினேன். அண்ணி மூக்கிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டு அந்த வழியே நடந்து போனதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

மேட்டில் நாய்கள் இருந்தன. மேட்டு நாய் என்று சொல்வோம். கன்றுக்குட்டி உயரம், தடித்த கழுத்து, பளபளவென்று மயிர். வயிறு எப்போதும் நிறைந்திருந்ததால் அவை தெருப்பக்கம் வந்ததே இல்லை. எங்கள் தெரு நாய்கள்தான் குலைத்துக்கொண்டு திரியும், மேட்டு நாய்கள் படுத்தே கிடக்கும். எனக்கு நினைவு தெரிந்து அவை யாரையும் கடித்ததில்லை. பொக்லைன் மேட்டை வாரிக்கொண்டிருந்தபோது அவை அக்கரை மணலில் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. அப்போது எடுத்த போட்டோவில்கூட விழுந்திருக்கின்றன. திட்டத்தில் லாரிக்கு இடம் இருந்தது, வேலிக்கு இடம் இருந்தது, மரக்கன்றுக்குக்கூட இடம் இருந்தது. நாயை யாரும் நினைக்கவில்லை.

முதலில் கோழிகள் போயின. பிறகு ஓர் ஆட்டை வயிற்றைக் கிழித்துப் போட்டிருந்தன. கறிக்கடை வாசலில் தொங்கவிட்டிருந்த தொடையை எம்பி இழுத்துக்கொண்டு ஓடியது ஒன்று. துரத்திப் போன கடைக்கார பாயின் கெண்டைக்காலைக் கிழித்தது இன்னொன்று. எங்கள் தெரு நாய்களை அவை ஒவ்வொன்றாகக் கொன்றன. பகலிலேயே நடுத்தெருவில் சண்டை நடக்கும், ரத்தம் சாக்கடை வரைக்கும் வழியும், நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்போம். பசித்த நாய் குலைப்பதில்லை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். சத்தமில்லாமல் பின்னாலேயே வரும்.

நகராட்சி ஆபீசுக்குப் போய்ச் சுகாதார அலுவலரிடம் கத்தினேன். அவர் வெளி மாவட்டத்துக்காரர், பொறுமைசாலி. நாய் பிடிக்கும் ஒப்பந்தம் இன்னும் முடிவாகவில்லை, மேலே எழுதியிருக்கிறோம் என்றார். எழுதிக்கொண்டே இருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அண்ணியைக் கடித்தது வேலைக்குப் போகும் காலை நேரத்தில். அண்ணன் வீடும் என் வீடும் ஒரே சுவர். நான் எவர்சில்வர் குடத்தோடு குழாயடிக்குப் போய்க்கொண்டிருந்தேன். தெரு முனையில் அண்ணி நடந்துபோவது தெரிந்தது, அவள் பின்னால் மூன்று நாய்கள் போவதும் தெரிந்தது. கூப்பிட வாயைத் திறப்பதற்குள் ஒன்று அவள் புடவையைப் பிடித்து இழுத்தது. கீழே விழுந்தவள் முகத்தை மறைக்க வலது கையை நீட்டினாள். பெரிய நாய் கட்டைவிரலுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே கவ்வித் தலையை உலுக்கியது. அண்ணியின் குரல் அன்றைக்கு எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெம்பில்லை.

ஓடிப்போய்க் குடத்தால் அடித்தேன். மற்ற இரண்டும் விலகின, அது மட்டும் விடவில்லை. குடத்தின் அடிவிளிம்பால் மண்டையில் அடித்தேன், கண்ணில் அடித்தேன், முதுகில் ஏறி முட்டிபோட்டு அடித்தேன். குடம் நசுங்கிச் சப்பையாகப் போனது. அந்த நாய் செத்த பிறகும் வாய் திறக்கவில்லை. டீக்கடைக்காரர் கரண்டிக் காம்பை உள்ளே விட்டு நெம்பித்தான் கையை எடுத்தார். என் நைட்டி முழுக்க ரத்தம். எது அண்ணியுடையது, எது நாயுடையது என்று தெரியவில்லை.

வேலூருக்குக் கொண்டுபோனோம். தைத்தார்கள், ஊசிகள் போட்டார்கள், உயிருக்குப் பயமில்லை என்றார்கள். ஆனால் உள்ளே நரம்பு அறுந்திருந்தது. வலது கையின் விரல்கள் அதன்பின் மடங்கவே இல்லை. கம்பெனியில் மரியாதையாகத்தான் பேசினார்கள். “கை சரியானதும் வாம்மா, லைன்ல ரெண்டு கையும் வேணும்ல” என்றார் சூப்பர்வைசர். அந்தக் கம்பெனியில் அண்ணியைவிட நேராகத் தையல் போட்டவர்கள் யாரும் இல்லை. இது அண்ணி என்பதற்காகச் சொல்வதல்ல.

அண்ணன் மண்டியில் தோல் இறக்கி, விரித்து, வெட்டுபவன். அதிகம் பேசாதவன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

“அந்தச் சதைய இத்தினி வருஷமா நான்தான் வெட்டி வெளிய போட்டுகினு இருந்தேன். இப்ப டிரம்ல போட்டு மூடச் சொல்லிட்டீங்க. அதுங்க வேற இன்னா தின்னும்?”

எனக்கு அப்போதுதான் தலையில் அடித்தாற்போல் இருந்தது. ஊர் மொத்தமும் பேசிப் பேசி, ஒருவருக்கும் இது தோன்றவில்லை. மண்டிக்கார பாய் ஒருவரிடம் சொன்னேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டார். “அதுங்களுக்கு சோறு போட்டுகினு இருந்தது நாங்கதான்னு எங்களுக்கே தெரியாதும்மா. பெரிய பேஜாரா போச்சு” என்றார்.

அடுத்த மன்றக் கூட்டத்தில் நான் உட்காரவே இல்லை. நாய்களைப் பிடிக்க முடிவெடுக்காமல் யாரும் இந்த அறையை விட்டுப் போகக்கூடாது என்று கதவை மறித்து நின்றேன். அதற்கும் ஒரு தள்ளுமுள்ளு நடந்தது, என் ஜாக்கெட் கை கிழிந்தது. கடைசியில் ஒப்பந்தம் முடிவானது. அப்போது சுகாதார அலுவலர் எழுந்து ஒன்று சொன்னார். நாயைப் பிடிப்போம், கருத்தடை செய்வோம், ஊசி போடுவோம், காது நுனியை வெட்டி அடையாளம் வைப்போம். வெறி பிடித்ததை மட்டும் விட மாட்டோம். மற்றதைப் பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும், சட்டம் அப்படி.

இதை நான் வார்டு சபையில் சொன்னேன். ஒளிக்காமல் சொன்னேன். ஆண்கள் சிரித்தார்கள். “பிடிச்சிகினு போனத எவனாச்சும் திருப்பிக் கொண்டாந்து விடுவானா? நீ வேற கவுன்சிலரம்மா” என்றார்கள். நானும் அதற்குமேல் தொண்டை கிழியக் கத்தவில்லை. திரும்பி வரும் நாய்களை மேட்டுக் கேட்டைத் திறந்து வேலிக்குள்ளே விடச் சொல்லிச் சுகாதார அலுவலரிடம் பேசியிருந்தேன். சரி என்றார்.

வண்டி வந்தது. டிரைவர் ஒருவர், நாய் பிடிப்பவர் ஒருவர். நாய் பிடிப்பவர் ஒல்லி, கையெல்லாம் பழைய கடி வடு. வலையை அவர் வீசுகிற அழகைப் பார்க்கத் தெருவே கூடியது. ஒவ்வொரு நாய் சிக்கியபோதும் கைதட்டினார்கள். டீக்கடைக்காரர் காசு வாங்காமல் டீ கொடுத்தார். என் அண்ணன் நாய் பிடிப்பவரின் தோளில் கை போட்டு, “இன்னும் ஒண்ணு அந்தப் புதர்ல பதுங்கிகினு இருக்குது” என்று கூட்டிப் போனான். அண்ணி கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்று பார்த்தாள். அதன்பின் கொஞ்ச நாள் எங்கள் தெரு மறுபடி பழைய தெருவாக இருந்தது.

திரும்பி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் ஊரில் மண்டிக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. தொழுகை முடிந்து வந்தவர்கள், டீக்கடையில் நிற்பவர்கள் என்று ஆண்கள் எல்லாரும் தெருவில் இருக்கும் நாள். ஊர்க்காரன் எவனும் அந்தக் கிழமையைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டான். சுகாதார அலுவலருக்கு அது இன்னொரு வேலை நாள், அவ்வளவுதான். வண்டி நேராக மேட்டுக்குப் போயிருக்கிறது. கேட் பூட்டியிருந்தது. சாவி வேலி போட்ட காண்டிராக்டரிடம் இருந்தது, அவர் பள்ளிகொண்டாவுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். கூண்டுக்குள் நாய்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறிக்கொண்டிருந்தன. நாய் பிடிப்பவர் ஆபீசுக்குப் போன் போட்டார். பிடித்த இடத்திலேயே விட்டுவிட்டு வா என்றார்கள். டீக்கடை முனையில்தான் பெரும்பாலானவற்றைப் பிடித்திருந்தார். அங்கேயே கூண்டைத் திறந்தார்.

சத்தம் கேட்டு நான் வெளியே வந்தபோது நாய்கள் நாலா பக்கமும் ஓடிக்கொண்டிருந்தன. அன்றைக்கு அவை யாரையும் கடிக்கவில்லை. அவற்றைத் துரத்தக்கூட யாரும் போகவில்லை. எல்லாரும் வண்டியைச் சுற்றி நின்றார்கள். டிரைவர் இறங்கி ஓடிவிட்டார். வண்டிக் கண்ணாடி நொறுங்கியது. நாய் பிடிப்பவரை அவருடைய வலையாலேயே சுற்றி இழுத்தார்கள். கைதட்டிய அதே கைகள். டீக்கடைப் பெஞ்சை ஒருவன் அவர்மேல் தூக்கிப் போட்டான். உதைத்தார்கள். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு உதைத்தவனைக்கூடப் பார்த்தேன்.

கூட்டத்துக்குள் புகுந்து அவர்மேல் குனிந்து நின்றேன். யாரோ போட்ட அடி என் தோள்பட்டையில் விழுந்தது, கை மரத்துப்போனது. “இவரு இன்னா பண்ணாரு, ஆபீஸ்ல சொன்னத செஞ்சாரு, என்னை அடிங்க” என்று கத்தினேன். கொஞ்சம் பின்வாங்கினார்கள். நாய் பிடிப்பவர் வலைக்குள்ளிருந்து என் காலைப் பிடித்துக்கொண்டார்.

“அக்கா, அனுப்பிச்சிடச் சொல்லுக்கா. நான் போய்டறேன்.”

அப்போது என் அண்ணன் வந்தான். மண்டியில் தோல் கட்டுகளை இழுக்கும் இரும்புக் கொக்கியை எல்லாரும் வேலை முடிந்ததும் வீட்டுக்கே எடுத்து வருவார்கள். அது அவன் கையில் இருந்தது. என்னைப் பார்த்தான். என் மரத்துப்போன கையைப் பிடித்து, ஒரு மூட்டையை நகர்த்துவதுபோல் பக்கத்தில் நகர்த்தினான். பிறகு கொக்கியின் பின்பக்கத்தால் அந்த மனிதரின் காதுக்கு மேலே ஓங்கி அடித்தான். இன்னொரு முறையும் அடித்தான். மூன்றாவதுக்கு ஓங்கியபோது நான் அவன் கையைக் கடித்தேன். ஆமாம், பல்லால் கடித்தேன். அவன் கொக்கியைக் கீழே போட்டுவிட்டுத் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தெருவில் சத்தம் அடங்கியது. நாய் பிடிப்பவரின் காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

அவரையும் வேலூருக்குத்தான் கொண்டுபோனோம். மண்டை ஓட்டில் விரிசல், நினைவு திரும்பவில்லை. அரக்கோணத்திலிருந்து அவர் மனைவி வந்து ஆஸ்பத்திரி வார்டு வாசலில் உட்கார்ந்தாள். நான் யார் என்று தெரிந்தும் அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்டிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன், கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் கோபமாவது வந்திருக்கும்.

போலீஸ் விசாரித்தபோது தெரு முழுக்க ஒரே பதில், நாங்க பாக்கலை. டீக்கடைக்காரர் பால் வாங்கப் போயிருந்தாராம். குழந்தையைத் தோளில் வைத்திருந்தவன் ஊரிலேயே இல்லையாம். தலைவர் என்னைக் கூப்பிட்டு, “கூட்டத்துல யாரு அடிச்சாங்கன்னு யாருக்குத் தெரியும்? நீங்க ஒண்ணும் சொல்லத் தேவையில்லம்மா, கூடப் பொறந்தவரு” என்றார். அன்பாகத்தான் சொன்னார். கேஸ் இல்லாவிட்டால் சாவியைப் பற்றியும் யாரும் கேட்கமாட்டார்கள் என்று எனக்குப் புரிந்தது.

அண்ணன் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டான்.

“நீ இன்னா பாத்த?”

நான் அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அடுப்படியில் நின்றிருந்தாள். அவள் வாயைத் திறந்து, சொல்லாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் சொல்லியிருக்கமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் இடது கையால் சோற்றை வடிக்கப் பார்த்து, கஞ்சியைக் காலில் கொட்டிக்கொண்டாள். அண்ணன் ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றினான். அந்த வீட்டில் சம்பாதிக்க அவன் ஒருவன்தான் மிச்சம். அது எனக்கும் தெரியும்.

நாய் பிடிப்பவருக்கு நினைவு வந்தது. பேச்சு குழறியது, ஒரு பக்கம் காது கேட்கவில்லை. பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டார். காப்பாற்ற வந்தவள் என்று அவருக்கு நினைவில்லை. அந்தத் தெருவின் முகம் என்று மட்டும் நினைவிருந்தது. அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன்.

“கொக்கியால அடிச்சது எங்க அண்ணன். நான் பாத்தேன்” என்றேன். இன்ஸ்பெக்டர் பேனாவை எடுக்காமல் என்னையே பார்த்தார். யோசித்துச் சொல்லும்படி சொன்னார். யோசித்துத்தான் வந்தேன் என்றேன். கூடவே மற்றவர்கள் பெயரையும் சொன்னேன், பூட்டையும் சாவியையும் சொன்னேன், அண்ணியின் கையையும் சொன்னேன். கொக்கியை எழுதினார். சாவியை எழுதவில்லை. கைக்கு யார்மேல் கேஸ் போடுவது என்று என்னையே கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியாது.

அண்ணனைக் கூட்டிப்போனபோது அவன் என் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போனான். தலையைத் திருப்பவில்லை. தெருவில் என் முகத்துக்கு நேராகக் காறித் துப்பினார்கள். யாரோ என் கதவில் செத்த நாய் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார்கள், காது நுனி வெட்டிய நாய். நானே அவிழ்த்து, நானே இழுத்துக்கொண்டு போய்ப் புதைத்தேன். அதற்குப் பிந்தைய மன்றக் கூட்டத்தில், வேலிக்குள்ளே நாய்களுக்கு உணவு வைக்க ஓர் இடம் ஒதுக்கும் தீர்மானம் வந்தது. ஒருவர்கூட எதிர்க்கவில்லை. நாற்காலி எதுவும் பறக்கவில்லை. நானும் கை தூக்கினேன்.

அண்ணனைப் போலீஸ் கூட்டிப்போன மறுநாள் காலை, சுவருக்கு அந்தப் பக்கம் வெகுநேரம் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு அண்ணி என் வீட்டுக்குள் வந்தாள். தலைமுடி விரிந்து முதுகில் கிடந்தது. கையில் சீப்பும் ரப்பர் பேண்டும் இருந்தன. அடிக்க வந்தாலும் வாங்கிக்கொள்வது என்று எழுந்து நின்றேன். அவள் எனக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

“கை போனதுலருந்து அவருதான் டெய்லி பின்னி விடுவாரு” என்றாள். “கோணலாத்தான் வரும் அவருக்கு.”

எனக்கு இது தெரியாது. ஒரே சுவர்தான், எனக்குத் தெரியவில்லை. அந்தக் கொக்கிக் கையால் அவன் சிக்கெடுத்து, வகிடு பிரித்து, மூன்று காலாகப் பிரித்துப் பின்னியிருக்கிறான். நான் சீப்பை வாங்கினேன். சீப்பு முடியில் சிக்கியது. அவள் தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக் கொடுத்தாள்.

சிக்கெடுத்துப் பின்னினேன். ரப்பர் பேண்டைப் போட்டதும் பின்னலை இடது கையால் முன்னால் இழுத்துப் பார்த்தாள். நேராகத்தான் வந்திருந்தது.

“நீ சொன்னது தப்புன்னு நான் சொல்லல” என்றாள். “ஆனா இனிமே இத நீதான் செய்யணும். டெய்லி.”

எழுந்து போய்விட்டாள். மறுநாளும் வந்தாள்.